பாதி வழியில் ஒரு புண்ணியத் தலம்

தீர்த்த யாத்திரை சென்று வந்தவரிடம், 'தரிசனம் நன்றாகக் கிடைத்ததா?' என்று கேட்கிறோம். 'கூட்டம் அதிகமோ? தங்கும் வசதி எப்படி?' என்றும் விசாரிக்கிறோம். 'திரும்பி வந்தபின் வீட்டில் உள்ளவர்கள் உங்களிடம் ஏதேனும் மாற்றம் கண்டார்களா?' என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் பலருக்கும் சங்கடமாகவே இருக்கும். ஆயினும் யாத்திரையின் பயனை உரைத்துப் பார்க்க இதைவிடச் சிறந்த கட்டளைக்கல் வேறில்லை.

இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் நாட்டிற்கு வெகு தொலைவில், வேறொரு சமய மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு பாத யாத்திரையை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து, சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்னும் நகரை அடையும் வழி அது. அதனைச் சுருக்கமாகக் 'காமினோ' என்பர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'வழி' என்பதே பொருள்.

கல்லறையும் வழியும்

ஏசுநாதரின் பன்னிரு சீடர்களுள் யாக்கோபு ஒருவர், மீனவர், யோவானின் சகோதரர். ஏரோது அக்கிரிப்பா மன்னனின் ஆணையால் கி.பி. 44-ஆம் ஆண்டளவில் ஜெருசலேமில் வாளால் வெட்டுண்டு உயிர் நீத்தவர். புனித யாக்கோபு என்பதன் ஸ்பானிய வடிவமே 'சந்தியாகோ'. தமிழகக் கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க அன்பர்கள் 'சந்தியாகப்பர்' என்று வணங்குவது இவரையே.

அவருடைய உடலைச் சீடர்கள் படகில் ஏற்றி ஸ்பெயினின் வடமேற்குக் கரையில் அடக்கம் செய்தனர் என்பது மரபு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற தவசி, ஒரு வனப்பகுதியின் மீது விந்தையான ஒளிகளைக் கண்டார். ஆயர் தியோதோமிரோ அங்கே சென்று பார்த்துக் கல்லறை ஒன்றைக் கண்டறிந்தார். இரண்டாம் அல்போன்சோ மன்னர் அதன்மேல் ஆலயம் எழுப்பினார் என்று அம்மரபு கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற்குள் ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்கள் திரண்டு வரத் தொடங்கிவிட்டனர். அந்நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'கோதெக்ஸ் காலிக்ஸ்தினுஸ்' என்னும் நூலின் ஐந்தாம் பகுதி, வழியில் எந்த ஆற்றின் நீரைப் பருகலாம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்றெல்லாம் சொல்லும் யாத்திரைக் கையேடாகவே அமைந்துள்ளது.

சந்தியாகோவை அடையப் பல வழிகள் உண்டு. மிகுதியானோர் நடப்பது 'பிரெஞ்சு வழி'. பிரான்ஸ் நாட்டு எல்லையில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள சேன் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பாம்ப்லோனா, பூர்கோஸ், லியோன் ஆகிய நகரங்களின் ஊடே ஏறத்தாழ 780 கி.மீ. செல்வது அது. நாள் ஒன்றுக்கு 20 முதல் 25 கி.மீ. நடந்தால் ஐந்து வாரங்களில் கடக்கலாம். 1993-இல் இவ்வழி உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

வழியைச் சமைத்த இருவர்

இவ்வழியில் நடந்தவர்களைப் பற்றிப் பேசுமுன், வழியைச் சமைத்த இருவரை நினைப்பது நமக்கு நன்மை பயக்கும்.

முதலாமவர் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமிங்கோ. துறவியாக விரும்பி மடங்களை நாடினார். மடங்கள் அவரை ஏற்கவில்லை. மனமுடைந்து போவதற்குப் போதிய காரணம் இருந்தது. அவரோ காட்டோரத்தில் தனியே தங்கி, அவ்வழியே அல்லலுறும் யாத்திரிகர்களைப் பார்த்தார். மரங்களை வெட்டிப் பாதை அமைத்தார். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். நோயுற்றவர் தங்க விடுதி எழுப்பினார். 1109-இல் அவர் மறைந்தபின் அவர் பெயராலேயே அங்கு ஓர் ஊர் உண்டாயிற்று. 'சாலையின் புனித தோமிங்கோ' என்பது அவ்வூரின் பெயர். மடத்தின் கதவு திறக்காதபோது, கடந்து செல்லும் மனிதனிடத்தில் இறைவனைக் கண்டவர் அவர். ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவிக்கும் நெறியில் பழகிய நமக்கு இவர் அந்நியர் அல்லர்.

இரண்டாமவர் நம் காலத்தவர். யாத்திரை ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்த காலத்தில், ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத் தந்தையாக இருந்த எலியாஸ் வாலின்யா, 1980-களில் மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு, மரங்களிலும் பாறைகளிலும் சுவர்களிலும் அம்புக்குறிகளைத் தீட்டிச் சென்றார். 1989-இல் அவர் காலமானார். அப்போது ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரே சந்தியாகோவை நடந்து அடைந்தனர். 2024-ஆம் ஆண்டில் பதிவு செய்துகொண்டோர் ஐந்து லட்சத்தை நெருங்கினர். அவர்கள் ஒவ்வொருவரும் அந்த மஞ்சள் அம்புகளை நம்பியே நடந்தனர். வழிகாட்டி உடன் வருவதில்லை, சுட்டிக்காட்டிவிட்டு நின்றுவிடுகிறார். நடக்க வேண்டியவர் நாமே. குரு உபதேசத்தின் இயல்பும் இதுவே அல்லவா?

முதுகில் ஏறும் மனம்

காமினோவில் நடப்பவர் தம் உடைமையைத் தாமே சுமக்கிறார். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் சுமை கூடாது என்பது அனுபவசாலிகள் கூறும் விதி. அறுபது கிலோ எடையுள்ளவர் ஆறு கிலோவுக்குள் ஐந்து வார வாழ்க்கையை அடக்கியாக வேண்டும். பெரும்பாலோர் இவ்விதியைப் படித்துவிட்டே புறப்படுகின்றனர். பெரும்பாலோர் மீறியே புறப்படுகின்றனர். 'மழை பெய்தால்?', 'குளிர் அடித்தால்?', 'மருந்து கிடைக்காவிட்டால்?' என்று ஒவ்வோர் அச்சமும் ஒரு பொருளாக மாறிப் பையில் ஏறிக்கொள்கிறது. பிரனீஸ் மலையின் ஏற்றத்திலேயே தோள்பட்டை உண்மையைச் சொல்லிவிடுகிறது. சில நாள்களுக்குள் அவர்கள் மிகுதியானவற்றைச் சத்திரங்களில் விட்டுவிடுகின்றனர், அல்லது அஞ்சலில் திருப்பி அனுப்பிவிடுகின்றனர்.

அபரிக்ரஹம் என்னும் யமத்தைப் பற்றி நாம் நூல்களில் படிக்கிறோம். பொருள்களைச் சேர்ப்பது ஆசையால் மட்டும் நிகழ்வதன்று, அச்சத்தாலும் நிகழ்கிறது என்பதை இப்பை காட்டுகிறது. நாளை என்ன ஆகுமோ என்று கலங்கும் மனமே பையாக உருக்கொண்டு முதுகில் அமர்கிறது. பொருளைக் குறைப்பவர் அச்சத்தைச் சிறிது குறைக்கிறார். அச்சம் குறைந்த அளவிற்கு இறைவனிடமும் சக மனிதரிடமும் நம்பிக்கை வளர இடம் உண்டாகிறது.

அந்நம்பிக்கை வீண் போவதில்லை. வழிநெடுகிலும் யாத்திரிகர் சத்திரங்கள் உள்ளன. முன்னர் இதே வழியில் நடந்தவர்கள் பலர், விடுமுறை நாள்களில் ஊதியமின்றி வந்து அவற்றில் தொண்டு செய்கின்றனர். தோமிங்கோவின் ஊருக்கு அடுத்து கிரான்யோன் என்னும் சிற்றூர். அங்கே தேவாலயத்தை ஒட்டிய சத்திரத்தில் கட்டணம் கிடையாது. தரையில் விரித்த மெத்தையில் படுக்கை. எல்லாரும் சேர்ந்து சமைத்து உண்ணும் இரவு உணவு. காணிக்கைப் பெட்டியோ திறந்தே இருக்கும். இயன்றவர் இடலாம், தேவையுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்குள்ள வழக்கம். கொடுக்கப் பழகியவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தனக்கு வேண்டியதைக் கூச்சமின்றி, நன்றியுடன் ஏற்பதற்கும் அகங்காரம் கரைய வேண்டியிருக்கிறது. நர்மதை நதியை வலம்வரும் பரிக்ரமாவாசிகளுக்குக் கரையோர ஏழைக் குடும்பங்கள் 'சதாவிரதம்' என்று மாவும் பருப்பும் அளிக்கும்போது, படித்தவரும் செல்வரும் கை நீட்டிப் பெறுகின்றனரே, அங்கு நிகழ்வதும் இதுவே.

வறண்ட சமவெளி

பூர்கோஸ் நகரைக் கடந்தபின் 'மெசேட்டா' என்னும் மேட்டுச் சமவெளி தொடங்குகிறது. லியோன் நகர் வரை ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவிற்கு வானமும் கோதுமை வயலுமே காட்சி. கோடையில் நிழல் அரிது. ஓரிடத்தில் 17 கி.மீ. தொலைவிற்கு ஊரே கிடையாது. காலையில் தெரிந்த தொடுவானம் மாலையிலும் அப்படியே நிற்கிறது. மலையில் இருந்த பரவசம் இங்கு இல்லை. இலக்கு அருகில் இருக்கிறது என்ற உற்சாகமும் இல்லை. பலர் இப்பகுதியைப் பேருந்தில் கடந்துவிடுகின்றனர்.

சாதகனின் வாழ்விலும் இச்சமவெளி உண்டு. தீட்சை பெற்ற புதிதில் ஜபத்தில் கண்ணீர் பெருகும். சில ஆண்டுகள் சென்றபின் அதே மந்திரம், அதே ஆசனம், அதே அலையும் மனம். 'என் பக்தி குறைந்துவிட்டதோ?' என்று அன்பர்கள் கடிதம் எழுதுவது இக்கட்டத்தில்தான். மெசேட்டாவை நடந்தே கடந்தவர்கள் பலர் சொல்வது சிந்திக்கத்தக்கது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில்தான் அவர்கள் தம் மனத்தைப் பார்க்க நேர்ந்ததாம். பழைய கோபங்கள், மன்னிக்காமல் விட்ட உறவுகள், சொல்லாமல் விட்ட நன்றிகள் எல்லாம் மேலெழுந்தது அங்கேதான். வறட்சி என்று நாம் அஞ்சும் காலத்தில் சித்த சுத்தி நடைபெறுகிறது. பேருந்தில் ஏறாமல் இருப்பது ஒன்றே நாம் செய்ய வேண்டியது.

முத்திரையும் சான்றிதழும்

யாத்திரிகர் ஒவ்வொருவரும் சிறு மடிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறார். தங்கும் சத்திரங்களிலும் தேவாலயங்களிலும் அதில் முத்திரை இடப்படுகிறது. நடந்து வருபவர் குறைந்தது 100 கி.மீ. தொலைவையாவது நடந்திருந்தால், சந்தியாகோவில் சமய நோக்குடன் வந்தவர்க்குரிய சான்றிதழ் வழங்கப்படுகிறது. இவ்விதியின் விளைவாக, 100 கி.மீ. எல்லைக்குச் சற்று முன்னுள்ள சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்குவோர் மிகுதி. அங்கிருந்து வழியில் நெரிசல். தொடக்கத்திலிருந்தே நடந்து வந்தவர்களுள் சிலருக்கு அப்போது ஒரு சோதனை வருகிறது. புதிதாக, சிறு பையுடன், சிரித்துக்கொண்டு வருபவர்களைக் கண்டதும், 'இவர்களும் யாத்திரிகர்களா?' என்று உள்ளுக்குள் ஓர் ஏளனம். நாலு வாரத் தவத்தில் கரைந்ததாக எண்ணிய அகங்காரம், அந்தத் தவத்தையே உணவாக உண்டு கொழுத்து எழுகிறது.

இதை எழுதுபவனும் இந்நோய்க்கு விலக்கல்லன். பிரம்மசாரியாக இருந்த நாளில், ஒருமுறை குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஜபம் செய்து முடிப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டேன். கடைசி நாள் பிற்பகல். இன்னும் சில மாலைகளே எஞ்சியிருந்தன. கிராமத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் ஜன்னல் அருகே நின்று, மருந்தகம் எப்போது திறக்கும் என்று கேட்டார். கையால் 'பிறகு' என்று சைகை காட்டினேன். எண்ணிக்கை நிறைவுற்றது. மகிழ்ச்சியுடன் எழுந்து வெளியே வந்தபோது முதியவர் இல்லை. எங்கிருந்து வந்தார், என்ன நோய் என்று எவருக்கும் தெரியவில்லை. அன்றைய கணக்கு நிறைந்த கணக்கா, குறைந்த கணக்கா என்பதை இருபது ஆண்டுகளாகியும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நியமமும் எண்ணிக்கையும் வேண்டும், அவை வேலி. வேலியைப் பயிர் என்று கருதியதே என் பிழை.

கல்லறையில் இருப்பவர் யார்?

இனி, ஆராயும் மனம் தவிர்க்க இயலாத கேள்வி ஒன்று. அங்குள்ள அஸ்தி உண்மையில் யாக்கோபுடையதுதானா?

1589-இல் ஆங்கிலேயப் படையெடுப்பிற்கு அஞ்சி அஸ்தியை மறைத்து வைத்தனர். பிறகு இடம் தெரியாமலே போயிற்று. 1879-இல் அகழ்ந்தபோது எலும்புகள் மீண்டும் கிடைத்தன. 1884-இல் பதின்மூன்றாம் லியோ போப் அவற்றை உண்மையானவை என்று அறிவித்தார். 1955-இல் ஆலயத்தின் அடியில் ஆயர் தியோதோமிரோவின் கல்லறைக் கல் கிடைத்ததால், அவர் வரலாற்று மனிதர் என்பது உறுதியாயிற்று. யாக்கோபு அங்கே அடக்கமாகியுள்ளார் என்பதை மட்டும் வரலாற்று ஆராய்ச்சியால் நிறுவ இயலவில்லை. ஐயுறும் அறிஞர்களே மிகுதி.

சிரத்தை என்பது இவ்வுண்மையை மூடி மறைப்பதன்று. அறிந்த பின்னும் நடக்கத் தகுந்தது எது என்று தேடுவதே சிரத்தை. ஆயிரம் ஆண்டுகளாக எண்ணற்றோர் கண்ணீரோடும் புண்பட்ட கால்களோடும் வந்து வணங்கிய இடம் அது. அஸ்தியின் வரலாறு எதுவாயினும் அவர்களுடைய தவம் பொய்யன்று. தீர்த்தங்களைத் தீர்த்தமாக்குவோர் சாதுக்களே என்பது நம் மரபின் கொள்கையும் ஆகும்.

அவ்வழியின் தேவாலயங்களில் யாக்கோபுக்கு இருவகை உருவங்கள் உள்ளன. ஒன்று, குதிரைமேல் அமர்ந்து வாளோங்கி மாற்றுச் சமயத்தவரை வீழ்த்தும் உருவம். 844-இல் நடந்ததாகச் சொல்லப்படும் கிளாவிஹோ போரில் அவர் அவ்வாறு தோன்றினார் என்ற கதையிலிருந்து அது எழுந்தது; அப்போரையே கற்பனை என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். வாளால் மாண்ட ஒரு சீடரின் கையில் பிற்காலத்தார் வாளைக் கொடுத்தனர். சந்தியாகோ ஆலயத்தில் உள்ள அத்தகைய சிலையின் அடியில் வீழ்ந்து கிடப்போரின் உருவங்களை மலர்களால் மறைக்கும் வழக்கம் இன்று வந்துள்ளது. பகைக்குத் தெய்வத்தைத் துணை சேர்க்கும் தவறு எல்லாச் சமயத்தாரும் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய ஒன்று.

மற்றோர் உருவம், அகன்ற தொப்பி, கைத்தடி, மார்பில் சிப்பி ஆகியவற்றுடன் நடந்து செல்லும் யாத்திரிக உருவம். சிப்பி அவ்வழி யாத்திரிகரின் அடையாளம். கருதிப் பார்த்தால் இது விந்தையானது. யாருடைய கல்லறையை நோக்கி யாவரும் நடக்கின்றனரோ, அவரே யாத்திரிகர் வேடம் பூண்டு நடந்து வருகிறார். சென்றடைய வேண்டியவர் உடன் நடப்பவராகவும் இருக்கிறார். வேதாந்தம் கற்ற அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கால் புண்ணுக்குக் கட்டுப்போடுபவர், தண்ணீர் தருபவர், சாரியாவிலிருந்து சிறு பையுடன் வருபவர், ஜன்னல் அருகே நிற்கும் முதியவர் எல்லாரும் அவ்வேடத்தில் வருபவர்களே.

திரும்பும் வழி

சந்தியாகோ ஆலயத்தின் முன் பெரிய சதுக்கம் ஒன்று உள்ளது. வந்து சேர்ந்தவர்கள் பையை இறக்கி வைத்துத் தரையில் அமர்ந்துவிடுகின்றனர்; சிலர் அழுகின்றனர். சற்று நேரத்தில் பலருக்கும் இனம் தெரியாத வெறுமை. 'இனி என்ன?' சிலர் மேலும் 90 கி.மீ. மேற்கே நடந்து கடல்முனை வரை செல்கின்றனர். அங்கே நிலம் முடிகிறது; கேள்வி முடிவதில்லை.

பழைய யாத்திரிகருக்கு இக்கேள்வி எழவில்லை. ரயிலும் விமானமும் இல்லாத காலத்தில் வந்த வழியே நடந்துதான் ஊர் திரும்ப வேண்டும். ஆகவே புண்ணியத் தலம் அவருக்குப் பாதி வழியிலேயே இருந்தது. தரிசனத்தைச் சுமந்துகொண்டு அதே மலைகளையும் அதே சமவெளியையும் மீண்டும் கடந்து, தன் நிலத்திற்கும் சுற்றத்திற்கும் திரும்பும்போதே யாத்திரை நிறைவுற்றது. இன்றைய யாத்திரிகரோ ஐந்து வாரம் நடந்ததைச் சில மணி நேரத்தில் பறந்து கடந்து, மறுநாளே பழைய நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். நர்மதை பரிக்ரமாவில் நம் முன்னோர் இதற்கு வழி வகுத்துவைத்தனர். நதியை வலப்புறமே கொண்டு, இடையில் அதைக் கடக்காமல் ஏறத்தாழ 2,600 கி.மீ. நடப்பவர் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறார். அங்கு சென்றடையும் ஊரும் புறப்பட்ட ஊரும் ஒன்றே.

மேய்ந்த பசு ஓரிடத்தில் படுத்து அசைபோடுவதுபோல, தலங்களைத் தரிசித்தவர் பின்னர் அந்நினைவில் ஆழ்ந்திருக்க வேண்டும் என்னும் கருத்தை ஸ்ரீராமகிருஷ்ணர் அன்பர்களுக்கு உணர்த்தினார். சுவாமி விவேகானந்தர் பரிவிராஜகராக நாடு முழுதும் சுற்றி, 1892 டிசம்பரில் கன்னியாகுமரியை அடைந்தார். அந்த முனையில் அவர் உள்ளத்தில் நிறைந்தவர்கள் வழியெல்லாம் கண்ட ஏழை மக்கள். அவர்களிடம் திரும்பிச் செல்வதாக அவருடைய பிற்கால வாழ்க்கை அமைந்தது. 1897-இல் தொடங்கிய சேவைப் பணி அந்தத் திரும்பும் நடையின் ஒரு பகுதி.

வாலின்யா தீட்டிய மஞ்சள் அம்புகள் யாவும் சந்தியாகோவையே காட்டுகின்றன. இன்றும் வந்த வழியே திரும்பி நடக்கத் துணியும் சிலர், அம்புகள் தமக்கு எதிர்த்திசை காட்டுவதால் அடிக்கடி நின்று பின்னால் திரும்பிப் பார்த்தே வழி அறிகின்றனர். நமக்கும் அப்படித்தான். தலத்தை நோக்கிச் செல்லும்போது சாஸ்திரமும் குருவும் கூட்டமும் வழிகாட்டுகின்றன. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய பின், சமையலறையிலும் அலுவலகத்திலும் நோயாளியின் படுக்கையருகிலும் நடக்க வேண்டிய தொலைவிற்கு அம்புக்குறி இல்லை. பெற்ற தரிசனத்தை அவ்வப்போது நின்று திரும்பிப் பார்த்து, அதன் ஒளியில் அடுத்த அடியை வைக்க வேண்டியதுதான். அந்த இரண்டாம் பாதியையும் நடந்து முடிக்கும் வலிமையை எல்லா வழிகளிலும் உடன் நடக்கும் இறைவன் நமக்கு அருள்வானாக.

சிந்தனைக்கு

1. நான் சுமக்கும் பொருள்களுள் ஆசையால் சேர்த்தவை எவை? அச்சத்தால் சேர்த்தவை எவை?

2. என் சாதனையில் எண்ணிக்கைக்காக நான் காத்திருக்க வைத்தவர் எவரேனும் உண்டா?

3. கடைசியாக நான் சென்று வந்த தலத்திலிருந்து இன்னும் முழுமையாகத் திரும்பி வந்திருக்கிறேனா?